கட்டை மேசையில் கிடக்கிறவரைக்கும்

ரிஸ்வானா இன்னும் முடிக்கலை. அவ முறை வந்தாலே இப்படித்தான், கண்டக்டர் சார் கூரை மேல ஏறலாமா, ஏறினா ஓடு உடையுமா, உடைஞ்சா கீழ காவல் நிக்கிறவனுக்குச் சத்தம் கேக்குமான்னு ஆயிரம் கேள்வி. மத்த வாரமா இருந்தா அடியே உருட்டித் தொலைடி, எங்களுக்கும் வயசாகுதுன்னு நான்தான் முதல்ல கத்துவேன். இன்னிக்கு இழுடி என் தங்கமே, நல்லா இழு, ஒவ்வொரு ஓடாத் தடவிப் பார்த்து நட, ஒரு அவசரமும் இல்லை. அவ முடிச்சா வைகுந்தன் எதிரிங்களை நகர்த்துவான். அப்புறம் தாமு. தாமுவுக்கு அப்புறம் நான். தாமு முறை வந்தா அவன் என்னைக் கேட்பான். நேத்து சாயங்காலம் ஸ்கேன் எடுத்து முடிச்சு, எழுந்து உக்காந்து, மோதிரத்தை மாட்டிக்கிட்டே சொன்னான்: "இங்க கேட்க மாட்டேன் பெர்னி, உன் வேலைக்கு வம்பாயிரும். நாளைக்கு மேசையில கேட்கிறேன். அங்கதான் உனக்குப் பொய் சொல்ல வராதே." சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற. நான் என்ன சொன்னேன்? போடா, போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்குன்னேன். வேற என்னத்தைச் சொல்றது. இன்னிக்கு வராமலே இருந்திருக்கலாம். காய்ச்சல்னு ஒரு மெசேஜ் தட்டியிருந்தா முடிஞ்சுது. ஆனா வராம இருந்தா அதுவே பதிலாயிடுமே. மூணு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை தவறாதவ இன்னிக்குப் பார்த்து வரலைன்னா அவனுக்குப் புரியாதா, அவன் என்ன சின்னப் புள்ளையா. அதனால வந்துட்டேன். செருப்பைக் கழட்டிப் போட்டு, எப்பவும் உக்கார்ற நாற்காலியில உக்காந்து, தட்டுல இருந்த மசால் கடலையில ரெண்டு எடுத்து வாயில போட்டேன். அது இன்னும் கன்னத்துக்குள்ள அப்படியே ஒதுங்கிக் கிடக்கு, முழுங்க முடியலை.

தெரியாதவங்க பார்த்தா சிரிப்பாங்க. வயலூர் ரோட்டுல ரெண்டாம் மாடி வீடு, மத்தியானம் மூணு மணி, ஃபேன் கடகடன்னு ஓடுது, ஏழு கழுதை வயசான நாலு பேர் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுத்தி உக்காந்து கட்டைவிரல் உயரப் பொம்மைகளை நகர்த்திக்கிட்டு இருக்கோம். மேசை மேல வைகுந்தன் கையால வரைஞ்ச ஒன்பது தீவு. அவன் கதையைச் சொல்லுவான், நாங்க மூணு பேரும் அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு ஆளா நடமாடுவோம், நினைச்சது நடக்குமா நடக்காதாங்கிறதை இருபது முகம் வச்ச பிளாஸ்டிக் கட்டை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். ஆட்டத்தை நடத்துறவன் நடத்துநர்னு ஆரம்பிச்சு அது கண்டக்டர்ல வந்து நின்னுருச்சு. காலேஜ்ல கணக்கு வாத்தியார், பசங்க எல்லாம் நடுங்குவாங்களாம், இங்க வந்தா அவன் வெறும் கண்டக்டர். ரிஸ்வானா கோர்ட்டுல ஜூனியர் வக்கீல், இங்க குருவிங்கிற திருடி. தாமு இங்க படகோட்டி, பேரு சுக்கான், வெளியில டிரைவிங் ஸ்கூல். நான் ஆழி, வரம் வாங்கினவ. வெளியில பெர்னதெத், சி.டி. ஸ்கேன் டெக்னீசியன், பதினோரு வருஷ சர்வீஸ். பூசைக்குப் போன சேலையைக்கூட மாத்தாம இங்க வந்து உக்காந்துடுவேன். இன்னொரு சாமிகிட்ட வரம் கேக்கத்தான் இந்த ஓட்டமா ஓடுறியாடின்னு அம்மா வாராவாரம் வாசல்வரைக்கும் திட்டிக்கிட்டே வரும். இன்னிக்குத் திட்டலை. என் மூஞ்சியைப் பார்த்துட்டுக் கம்முனு இருந்துருச்சு. அப்போ என் மூஞ்சியில தெரியுது. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாமுவுக்குத் தெரியாதா, எட்டாங்கிளாஸ்ல இருந்து பார்க்கிற மூஞ்சி. வந்ததுல இருந்து அவன் பக்கம் நான் சரியாத் திரும்பவே இல்லை.

இந்த ஆட்டத்துல மந்திரம் ரெண்டு வகை. ஒண்ணு படிச்சு வாங்கினது. மண்டையை உடைச்சு ஏட்டைப் புரட்டிக் கத்துக்கிட்டது, அது அவனவன் சொத்து, யாரும் புடுங்க முடியாது. இன்னொண்ணு வரம். ஒரு சாமிகிட்ட கேட்டு வாங்கினது. குடுத்தவ குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் உண்டு, மனசு மாறிட்டா அந்த நிமிஷமே கை வெறுங்கை. என் ஆழிக்கு வரம் குடுத்தவ கழிமுகத்தாள், ஆறு கடல்ல சேர்ற இடத்துல இருக்கிறவ, வைகுந்தன் உக்காந்து யோசிச்சு உண்டாக்கின சாமி. அவ குடுத்த வரம், விழுந்தவனைத் தொட்டா எழுப்பலாம். ரத்தம் நிக்கும், எலும்பு கூடும், மூச்சு வரும். சும்மா வருமா? நீ என்ன குடுப்பன்னு வைகுந்தன் கேட்டான். வேற யாரா இருந்தாலும் முடியைக் குடுக்கிறேன், கறியை விடுறேன்னு ஏதாவது சொல்லியிருப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டேன். காலையில எட்டு மணியில இருந்து பொய்தானே சொல்றேன். ஒண்ணும் இல்லம்மா, டாக்டர் பார்த்துச் சொல்வாங்க. ஒண்ணும் இல்லண்ணே, சும்மா ஒரு தடவை மறுபடி எடுக்கிறோம். படத்துல என்ன தெரிஞ்சாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மூஞ்சி அசையக் கூடாது. ஒரு இடமாவது பொய் வேணாத இடமா இருக்கட்டுமேன்னு தோணிருக்கும். அப்பத்தான் இந்தத் தாமு வாயை வச்சான். "ஆழி மட்டும் இல்ல கண்டக்டர், பெர்னியும் சொல்லக் கூடாது. கட்டை மேசையில கிடக்கிறவரைக்கும் இவ யாருகிட்டயும் பொய் சொல்லக் கூடாது. சொன்னா வரம் போச்சு." எல்லாரும் கைதட்டினாங்க. அவன் போட்ட விதிதான். அவனே போட்டான்.

கைதட்டினவங்க அத்தோட மறந்திருக்கலாம். நான் மறக்கலையே, லூசு மாதிரி புடிச்சுக்கிட்டேன். ஒரு வாரம் லேட்டா வந்து ரயில்வே கேட்டு போட்டுட்டான்னு சொல்லிட்டேன், உண்மையில தூங்கிட்டேன். ரெண்டு நிமிஷம்கூடத் தாங்கலை, ஐயோ பொய் சொல்லிட்டேன், வரம் போச்சுன்னு நானே எழுந்து சொன்னேன். அன்னிக்கு முழுக்க ஆழி வெறும் மனுஷி, கூட வந்த ரெண்டு பேரும் அடி வாங்கிச் செத்துப் பொழைச்சாங்க. உன்னை மாதிரி ஒரு பைத்தியம் ஊர்ல உண்டாடின்னு தாமு தலையில அடிச்சுக்கிட்டான், ஆனா அவனுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் இது ஒரு வழக்கமாயிருச்சு. யாருக்காவது உண்மை வேணும்னா மேசைக்கு வர்றவரைக்கும் வச்சிருந்து கேட்பாங்க. ரிஸ்வானா மாப்பிள்ளை ஃபோட்டோவோட வந்து எப்படிக்கா இருக்காருன்னு கேட்டா, கண்ணுல கனிவே இல்லைடின்னேன், அந்தச் சம்பந்தம் அத்தோட நின்னுது. தான் எழுதின கட்டுரை எப்படின்னு வைகுந்தன் கேட்டான், என் பதிலைக் கேட்டுட்டு ஒரு மாசம் என்கூடப் பேசலை. தாமு ஒருத்தன்தான் இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லை. எனக்கு எதுக்குடி, உன் மூஞ்சியே எனக்குப் போதும்பான். மூணு வருஷம் கேட்காம இருந்தவன், சேர்த்து வச்சு இன்னிக்குக் கேட்கப் போறான். மாதாவே, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வச்சா என்ன, இப்படி வேர்க்குது.

"கூரையில இருந்து எட்டிப் பார்க்கிறேன். உள்ள எத்தனை பேர்?" ரிஸ்வானா கேக்குறா. உருட்டுன்னு வைகுந்தன் சொல்றான். பதினாலு. "மூணு பேர் தெரியுறாங்க, ஒருத்தன் தூங்குறான்." பார்க்கிறது. அதுதான் நேத்து நான் பண்ணினதும். ரெண்டு மாசமாத் தலைவலி, கண்ணாடி மாத்தியும் நிக்கலை, டாக்டர் எழுதிக் குடுத்தார்னு சீட்டைத் தூக்கிட்டு என்கிட்டயே வந்தான். நீ இருக்கும்போது நான் எதுக்கு இன்னொரு இடத்துக்குப் போகணும்னு பெருமையா வேற. பெருமைதான்! படுக்க வச்சேன், ஊசி போட்டேன், உடம்பெல்லாம் சூடு பரவும், ஒண்ணுக்கு வந்துட்ட மாதிரி இருக்கும், ஆடாம படுடான்னேன். இந்த வளையத்துக்குள்ள போனா ஒன்பது தீவுல எறங்கிருவேனா பெர்னின்னு கேட்டான். வாயை மூடுடான்னுட்டுக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தேன். படம் ஒவ்வொண்ணா வந்துச்சு. கழுத்து, காது மட்டம், கண்ணு மட்டம், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல. வலது பக்கம் வெள்ளையா ஒரு வளையம், கோணலா, தடியா, நடுவுல கருப்பு, சுத்தி வீக்கம். அது வலது பக்கத்தோட நின்னிருந்தாக்கூட. மேல போகப் போக, மூளையோட ரெண்டு பாதியையும் சேர்க்கிற நடுப்பாலத்தைத் தாண்டி இடது பக்கமும் கை நீட்டியிருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கால் தெரியுது, சாக்ஸ்ல ஒரு ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்க்குது. என் மூஞ்சி அசையலை. பதினோரு வருஷப் பழக்கம். டாக்டர் பின்னாடி வந்து நின்னு பார்த்தார். "வயசு என்ன?" அது ஒண்ணுதான் கேட்டார். முப்பத்தேழுன்னேன். உச்சுக் கொட்டிட்டுப் போயிட்டார்.

டிபி கட்டியா இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது? நம்ம ஊர்ல எத்தனை பேருக்குப் பார்த்திருக்கேன், இதே வளையம், இதே வீக்கம், ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டு வந்து படுத்தா சுத்தமா ஒண்ணுமில்லாம இருக்கும். புழுக்கட்டியாக்கூட இருக்கலாம். ஆனா அதெல்லாம் சின்னதா, உருண்டையா, ஒழுங்கா இருக்கும். இது அப்படி இல்லை. இல்லைன்னு எப்படிச் சொல்ற, நீ என்ன டாக்டரா? டாக்டர் இல்லை. ஆனா பார்த்திருக்கேன். இந்த மாதிரி பாலம் தாண்டினது என் கையால ஒன்பது பேருக்கு எடுத்திருக்கேன், அதுல மறுவருஷம் படம் எடுக்க ஒருத்தரும் வரலை. வேற ஊருக்குப் போயிருப்பாங்க. ஒன்பது பேருமா? சரி, ஒன்பது பேரும் வேற ஊருக்குப் போயிட்டாங்க, நல்லாயிருக்காங்க, விடு. டிபி கட்டியா இருக்கலாம். வயசு என்னன்னு ஏன் கேட்டார்? சும்மா கேட்டிருப்பார், சீட்டுல போடணும்ல. சீட்டுலதான் ஏற்கெனவே இருக்கே. உச்சுக் கொட்டினாரே. பல்லுல ஏதாவது மாட்டியிருக்கும்! எனக்கே சிரிப்பு வருது. ராத்திரியில இருந்து இதே செக்குதான், டிபியில ஆரம்பிச்சுப் பல்லுல வந்து நிக்குது, மறுபடி டிபி. காலையில பூசையில முழங்கால் போட்டு நன்மை அப்பம் வாங்கும்போதுகூட வளையம்தான் தெரிஞ்சுது. வெள்ளையா, வட்டமா. சீ, என்ன நினைப்பு இது.

"முடிச்சுட்டேன்"னு ரிஸ்வானா சாஞ்சுக்குறா. முடிச்சுட்டாளா? அதுக்குள்ளயா? வைகுந்தன் கன்னத்தைத் தடவுறான், இப்ப எதிரிங்க. மூணு வில்லாளிங்க. ரெண்டு பேர் குருவியைத் தேடி ஓடுறாங்க, மூணாவது ஆள் அங்கயே நிக்கிறான், வரைபடத்துல இடது ஓரம், செவப்பு பொம்மை. போன சுத்துல சுக்கானை அடிச்சு விழ வச்சவன் அவன்தான். தாமு அவனுக்கு நேரா நெஞ்சைக் காட்டிக்கிட்டு நடந்து போனான். "யோவ் அண்ணே, வில்லாளி நிக்கிறான்ல, கண்ணு தெரியலையா?"ன்னு ரிஸ்வானா கத்தினா. "எங்கடி?"ன்னான். பொம்மை அவன் கைக்கு ஒரு ஜாண் தள்ளி நிக்குது, செவப்புக் கலர்ல. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வலது பக்கம் கட்டின்னா இடது பக்கம் இருக்கிறது கண்ணுல பட்டும் மனசுல படாது. போன மாசம் டிரைவிங் ஸ்கூல் காரை வாசல் தூண்ல உரசினான்ல, இடது பக்கம். இருபது வருஷமா கார் ஓட்டுறவன். டீ கிளாஸை மேசையோட இடது ஓரத்துல வச்சுட்டு இப்பத் தேடுறான் பாரு, தேடுறான், தலையை முழுசாத் திருப்பினாத்தான் தெரியுது. எனக்கு வண்டி சொல்லிக் குடுத்தவன் இவன்தான். அந்த கார்ல பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. நான் பார்க்கிறதுக்கு முந்தி அவன் பார்த்துருவான், மாடு குறுக்கே வரும், அவன் கால் அமுங்கும், வண்டி நின்னதுக்கு அப்புறம்தான் எனக்கு மாடே தெரியும். உனக்குத் தெரியுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும், அதுக்குத்தான் நான் உக்காந்திருக்கேன்பான். இப்ப எனக்கு முதல்ல தெரிஞ்சுபோச்சு, என் கால் கிட்ட ஒரு பிரேக்கும் இல்லை. சொன்னா மட்டும் வண்டி நிக்குமா?

சொல்லிடலாமா. கட்டி இருக்குடா, பெருசு, நல்ல மாதிரி இல்லைன்னு. இந்த ஹால்ல, மசால் கடலைத் தட்டுக்கு மேல. சொன்னா என்ன ஆகும்? இந்த சிரிப்பு போகும். பொண்டாட்டி செண்பகாகிட்ட இன்னும் ஸ்கேன் எடுத்ததையே சொல்லலை, கண்ணாடி மாத்தப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தானாம். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, வீட்டு ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. அது போதும் அவனுக்கு, பாதி புரிஞ்சிருக்கும், மீதியைத்தான் என்கிட்ட கேட்கிறான். நாளைக்கு டாக்டர் சொல்லட்டுமே, அவர் அதுக்குத்தானே படிச்சிருக்கார். பக்கத்துல செண்பகா இருப்பா, கையைப் புடிச்சுக்குவா. இன்னிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை. ஒரே ஒரு நாள். வீட்டுக்குப் போயி புள்ளையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, பரோட்டா வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டு, டிவி பார்த்து, குறட்டை விட்டுத் தூங்குற ஒரு நாள். அதை நான் புடுங்கணுமா? ஆகா, பெரிய கருணைக்காரி! உண்மையைச் சொல்லுடி பெர்னதெத், மேசையில கட்டை கிடக்கு. உனக்குப் பயம். உன் வாயால வந்ததுன்னா சாகுறவரைக்கும் அவன் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வார்த்தை ஞாபகம் வரும், அந்தப் பயம். எனக்கு இவனை ரொம்பப் பிடிக்கும். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது அம்மாவும் இந்த மேசையும்தான், மேசைன்னா தாமுதான். அவன் இல்லாத ஞாயித்துக்கிழமையை எங்க கொண்டுபோய் வைக்கிறது. அழுது தொலைக்காதே. கண்ணைத் துடைக்காதே, மூக்கைத் துடை, ஜலதோஷம்னு நினைப்பாங்க.

அப்போ பொய்தான். முடிவு பண்ணியாச்சு. எவ்வளவு பெரிய விஷயத்துக்கு எவ்வளவு சின்னப் பொய். தினமும் இருபது பேருக்குச் சொல்றதை இருபத்தியோராவது ஆளுக்குச் சொல்லணும், அவ்வளவுதான். அவன் கேட்பான், நான் ஒண்ணும் இல்லடான்னு சொல்லுவேன். அடுத்து என் முறை, சுக்கானைத் தொட்டு, கழிமுகத்தாளேன்னு கூப்பிட்டுக் கட்டையை உருட்டுவேன், சுக்கான் எழுந்துப்பான், ஆட்டம் நடக்கும். பொய் சொன்னா வரம் போயிடுமேன்னா, யாரு வந்து புடுங்கப் போறா? கழிமுகத்தாளா? அப்படி ஒருத்தியே கிடையாது. காலேஜ் லீவுல வைகுந்தன் ரூல்டு நோட்டுல எழுதினவ. நானா வாயைத் திறந்து வரம் போச்சுன்னு சொன்னாத்தான் உண்டு, இல்லைன்னா ஒரு குருவிக்கும் தெரியாது. சொல்லாத. வாயை மூடிக்கிட்டு உருட்டு. பிளாஸ்டிக் கட்டை, பெயிண்ட் அடிச்ச பொம்மை. வலிக்கவா போகுது. தாமுவுக்கும் அதுதான் அடையாளம், நான் உருட்டினேன்னா சொன்னது உண்மைன்னு நம்பிருவான். என்னை அவ்வளவு நம்புறான். சனியன் புடிச்சவன், ஏன்டா என்னை இவ்வளவு நம்பித் தொலைக்கிற.

"சுக்கான்" வைகுந்தன் கூப்பிடுறான். "உன் முறை. சேத்துல கிடக்குற, நெஞ்சுல அம்பு. விழுந்தவனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான், தெரியும்ல. சொல்லு." தாமு நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்குறான். இப்ப அவனைப் பார்த்துத்தான் ஆகணும். பார்க்கிறேன். ஷேவ் பண்ணியிருக்கான், இடது தாடையில ஒரு பட்டை விட்டுப்போயிருக்கு, அவனுக்குத் தெரியலை. செண்பகா சொல்லியிருக்க மாட்டாளா. அவன் சிரிக்கலை. மூணு வருஷத்துல சுக்கான் பேசும்போது அவன் சிரிக்காம இருந்து நான் பார்த்ததில்லை. "ஆழி"ங்கிறான், ரொம்ப மெதுவா. "நான் பொழைப்பேனா?" ரிஸ்வானா உதட்டைக் கடிச்சுக்கிட்டுப் பார்க்குறா, பாவி, அண்ணன் இன்னிக்கு நல்லா நடிக்கிறாருன்னு நினைச்சிருப்பா. என் மூஞ்சி அசையலை. வேலை நேரத்து மூஞ்சி தானா வந்து உக்காந்துருச்சு, கும்பிட்டுக்கணும் அதை. "பொழைச்சுக்குவடா"ன்னேன். "சின்னக் காயம்தான். நான் பார்த்தேன்ல. மருந்துலயே சரியாப் போயிடும்." குரல் நடுங்கலை. நல்லா வந்துச்சு. இன்னும் ஒரு வார்த்தைகூடச் சேர்த்துக்கிட்டேன், "பயந்தாங்கொள்ளி"ன்னு.

"சத்தியமா?"ன்னான். "அண்ணே, ஒரு வாக்கியம்தான், போங்காட்டம் ஆடாதீங்க!"ன்னு ரிஸ்வானா மேசையைத் தட்டினா. அவன் அவளைப் பார்க்கலை. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான், அப்புறம் தோள் ரெண்டும் இறங்குச்சு, ரெண்டு மாசமாத் தூக்கிப் புடிச்சிருந்தானோ என்னமோ, அப்படி இறங்குச்சு. பெருமூச்சு விட்டான். தட்டுல கையை விட்டுக் கைநிறையக் கடலை அள்ளி வாயில போட்டுக்கிட்டான். "அப்போ என்ன உக்காந்திருக்க, எழுப்புடி என்னை"ன்னான், வாய் நிறையக் கடலையோட. சிரிச்சான். ஐயோ, எவ்வளவு லேசா சிரிக்கிறான். இதுக்குத்தானே சொன்னேன், இது போதும், இதோட எழுந்து வீட்டுக்குப் போயிடலாம் போல இருக்கு. உன் முறை பெர்னின்னு வைகுந்தன் கட்டையை என் பக்கம் தள்ளினான். எடுத்தேன். உள்ளங்கை ஈரம், ரெண்டு தடவை வழுக்குச்சு. ஆழி சேத்துல முழங்கால் போட்டு சுக்கான் நெஞ்சுல கை வைக்கிறான்னு நினைச்சுக்கிட்டேன். வைக்கிறான் இல்லை, வைக்கிறா. என்னமோ உளறுறேன். கழிமுகத்தாளேன்னு வாய்விட்டுச் சொன்னேன், குடுன்னு சொன்னேன். உருட்டினேன்.

கட்டை நடுத்தீவைத் தாண்டி உருண்டு, கடலைத் தட்டுல முட்டி நின்னுச்சு. இருபது. மேல பளிச்சுன்னு இருபது. மூணு வருஷத்துல இந்த மாதிரி நேரத்துல எனக்கு இருபது விழுந்ததே இல்லை. ரிஸ்வானா நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்து கத்துறா, வைகுந்தனே கை தட்டுறான், சுக்கான் முழு பலத்தோட எழுந்துட்டான், காயமே இல்லைங்கிறான். தாமு ரெண்டு கையையும் மேல தூக்கி ஆட்டுறான். எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க. நானும் சிரிக்கணும். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"செல்லாது"ன்னேன்.

யாரு சொன்னது? நான்தான். என் குரல்தான். மூணு வருஷமா இந்த மேசையில ஒரு தடவைகூட ஏமாத்தி ஆடாத வாய், என்னைக் கேட்காமலே சொல்லிடுச்சு. மனுஷன்கிட்ட பொய் சொல்லத் தெரிஞ்ச சிறுக்கிக்கு ஆட்டத்துல பொய் ஆடத் தெரியலையே. "ஏன்கா செல்லாது? நேராத்தானே விழுந்துச்சு, நான் பார்த்தேனே"ன்னு ரிஸ்வானா கேட்கிறா. கை நழுவிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். தட்டுல இடிச்சுது, அதனால செல்லாதுன்னு சொல்லியிருக்கலாம். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். "வரம் போச்சாக்கா? நீங்க எப்ப பொய் சொன்னீங்க, வந்ததுல இருந்து பேசவே இல்லையே, இப்பத்தானே..." அவ பாதியில நிறுத்திட்டா. வக்கீல் புத்தி, பின்னாலயே போய் அந்தப் 'பொழைச்சுக்குவடா'வைத் தேடிப் புடிச்சுடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. தாமு கை இன்னும் மேலதான் இருந்துச்சு. மெதுவா இறக்கினான். வலது கை முதல்ல வந்துச்சு, இடது கை கொஞ்ச நேரம் அங்கயே நின்னுச்சு, அப்புறம் வந்துச்சு. மூஞ்சியில சிரிப்பு அப்படியே இருந்துச்சு, எடுக்க மறந்த மாதிரி. வாயில இருந்த கடலையை மென்னு முழுங்கினான். நான் மேசையைப் பார்த்தேன்.

வைகுந்தன்தான் முதல்ல அசைஞ்சான். என்ன ஏதுன்னு ஒண்ணும் கேட்கலை, எழுந்து நாலு முகம், ஆறு முகம்னு ஓரத்துல கிடந்த ஒவ்வொரு கட்டையா எடுத்துத் துணிப் பையில போட ஆரம்பிச்சான், அவசர அவசரமா, ரெண்டு கீழ விழுந்து உருண்டுச்சு. கட்டை இல்லாத மேசையில யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் சொல்லிக்கலாம், அவன் பாவம் அதைத்தான் எனக்குக் குடுக்கப் பார்த்தான். கடைசியா அந்த இருபது முகக் கட்டைக்குக் கை நீட்டினான். தாமு அவனுக்கு முந்திக்கிட்டு அது மேல உள்ளங்கையை வச்சு அமுக்கிக்கிட்டான்.

"இது ஒண்ணு கிடக்கட்டும் கண்டக்டர்"ன்னான். "நான் இன்னும் ஒண்ணு கேட்கணும்."